பால்மரக் காட்டுப் பெண்களும் எலும்பு ஆராய்ச்சி ஏடுகளும்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட், செம்மோர், பீடோர், தாப்பா, பாகான் செராய் முதலிய ஊர்ப்புறங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் பரந்து கிடந்த பால்மரக் காடுகளிலே, விடியுமுன் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்து, தலைவிளக்கின் வெளிச்சத்தில் தம் நிரையைத் தேடிப் போய் மரம் சீவி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, மேடும் பள்ளமுமான வழியில் பால் நிறுக்கும் இடம் வரையில் நடந்த பெண்கள் இன்று எழுபதையும் எண்பதையும் எட்டிவிட்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும், பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்தும், லயங்கள் காலியாகியும் போன பிறகு, அவர்களில் பெரும்பாலோர் ஈப்போவின் தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் மக்களோடும் மருமக்களோடும் காலங்கழிக்கிறார்கள். சுமையேந்தி உரமேறிய அந்தச் சரீரம் ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும்போது, வீட்டார் வியப்போடு கேட்பது, இவ்வளவு பாடுபட்ட உடம்பு இவ்வளவு சிறிய விழுகைக்கா உடைந்தது என்பதே.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் சாஸ்திரம் ஒன்று இருக்கிறது. ஆஸ்டியோபொரோசிஸ் என்று டாக்டர்கள் வழங்கும் எலும்புப்புரை நோயைப் பற்றி உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆராய்ச்சிக் கட்டுரைகள் பிரசுரமாகியிருக்கின்றன. மலேசியாவிலும் அதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட ஆராய்ச்சியாளர்கள் உண்டு. ஆனால் ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளரின் பிரசுரப் பட்டியலைச் சாதாரண வாசகர் பார்க்க நேர்ந்தால், அதன் நீளத்தைக் கண்டு பிரமிப்பதற்கு மேல் ஒன்றும் செய்யத் தோன்றுவதில்லை. அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது, எதை நம்புவது, எதை நம்பாமல் ஒதுக்குவது என்பதைத் தெரிந்துகொண்டால், நம் வீட்டு மூதாட்டியின் எலும்புக்கும் அந்த ஏடுகளுக்கும் உள்ள சம்பந்தம் புலப்படும்.

முதலில் எலும்பின் இயல்பைப் பார்ப்போம். எலும்பு உயிரற்ற கல் அன்று. அது ஓயாமல் அழிந்து ஓயாமல் உருவாகும் ஜீவப் பொருள். பழைய மரங்களைப் பகுதி பகுதியாகச் சாய்த்துப் புதுக் கன்று வைக்கும் தோட்டத்து மறுநடவைப் போல, எலும்பிலும் அரிக்கும் செல்கள் ஒரு பக்கம் பழைய பகுதியைக் கரைத்துக் குழி தோண்ட, கட்டும் செல்கள் பின்னாலேயே வந்து அந்தக் குழியை நிரப்புகின்றன. முப்பது வயது வரையில் நடவு முந்துகிறது. பிறகு இரண்டும் ஏறக்குறையச் சமமாக நடக்கின்றன. பெண்களுக்கு மாதவிலக்கு நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் சாய்ப்பு வேகம் பிடித்து, நடவு பின்தங்கிவிடுகிறது. இந்தத் தொடர்பை அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1941 இல் எடுத்துக்காட்டினார். அதற்கு முன் முதுமையின் இயற்கை என்று கருதப்பட்ட கூனும் முறிவும் அதற்குப் பிறகே நோய் என்ற கணக்கில் சேரலாயின.

நோய் என்று சொல்வதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? உலக சுகாதார நிறுவனம் 1994 இல் அதை வகுத்தது. டெக்ஸா என்னும் கதிர்ப்பரிசோதனையால் எலும்பின் தாதுச்செறிவை அளந்து, அதை ஆரோக்கியமான இளம் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டு, டி-ஸ்கோர் என்ற எண்ணால் குறிக்கிறார்கள். அந்த எண் −1க்கு மேலிருந்தால் கவலையில்லை, −1க்கும் −2.5க்கும் இடையிலிருந்தால் எலும்பு மெலிந்திருக்கிறது, −2.5 அல்லது அதற்குங் கீழே போனால் எலும்புப்புரை. இந்த நோய்க்கு வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. முதுகெலும்பின் முறிவுகளிற்கூடப் பெரும்பாலானவை நோயாளிக்குத் தெரியாமலே நிகழ்ந்து, உயரம் குறைவதிலும் முதுகு வளைவதிலும் மட்டுமே தம்மைக் காட்டிக்கொள்கின்றன. இடுப்பெலும்பு முறிவு அப்படி மறைந்திருப்பதில்லை. முறிந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள் என்பதும், பிழைத்தவர்களிலும் பலர் பழைய நடையை மறுபடி பெறுவதில்லை என்பதும் பல நாடுகளின் அனுபவம்.

இனி ஆராய்ச்சி ஏடுகளுக்கு வருவோம். மருத்துவ ஆராய்ச்சியாளர் தாம் கண்டறிந்ததைக் கட்டுரையாக எழுதிச் சஞ்சிகைக்கு அனுப்புகிறார். அதே துறையைச் சேர்ந்த வேறு அறிஞர்கள் அதைப் பரிசீலித்துத் திருத்தம் சொல்லி, ஏற்கத்தக்கது என்று அபிப்பிராயம் தெரிவித்த பிறகே அது அச்சேறுகிறது. இவ்வாறு வெளியான கட்டுரைகளை அமெரிக்க அரசின் பப்மெட் என்னும் இணையப் பட்டியல் தொகுத்து வைத்திருக்கிறது. ஓர் ஆசிரியரின் பெயரை அதில் இட்டால் அவருடைய கட்டுரைகள் வரிசையாக வந்து நிற்கும். எண்ணிக்கை மட்டும் போதாதென்று, ஹோர்ஹே ஹிர்ஷ் என்னும் பௌதிக அறிஞர் 2005 இல் எச்-இண்டெக்ஸ் என்ற அளவைப் புகுத்தினார்: ஒருவர் எழுதியவற்றுள் இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது இருபது தடவையேனும் பிறரால் எடுத்தாளப்பட்டிருந்தால், அவருடைய எண் இருபது. பதவி உயர்வுக்கும் நிதியுதவிக்கும் இந்த எண்ணைப் பார்க்கும் வழக்கம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. ஆயினும் ஒரு கட்டுரையைப் பலர் எடுத்தாண்டார்கள் என்பது வேறு, அதனால் ஓர் எலும்பாவது முறியாமல் தப்பியது என்பது வேறு.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். மலேசிய தேசியப் பல்கலைக்கழகமாகிய யூகேஎம்மின் மருத்துவப் பிரிவில் மருந்தியல் பேராசிரியராக விளங்கிய ஈமா நிர்வானா சுலைமானும் அவருடைய சகாக்களும் எலும்பைப் பற்றி எழுதிய கட்டுரைகள் நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றில் ஒரு நீண்ட தொடர், செம்பனை எண்ணெயில் கிடைக்கும் வைட்டமின் ஈ வகையைப் பற்றியது. சுத்திகரிக்காத செம்பனை எண்ணெயில் ஒரு கிலோவுக்கு 600 முதல் 1,000 மில்லிகிராம் வரை வைட்டமின் ஈ உண்டு. அதில் பெரும்பகுதி, மற்றச் சமையல் எண்ணெய்களில் அரிதாகக் காணப்படும் டோகோட்ரையீனால் என்ற வடிவம். 1877 இல் குவாலா கங்சாரில் ரப்பர்க் கன்று ஊன்றப்பட்ட நாள்தொட்டுப் பால்மரத்தையே நம்பி வாழ்ந்த பேராக் மண்ணில், அந்த மரத்தை விரட்டிவிட்டு இடம் பிடித்த செம்பனையினின்றே எலும்புக்கு மருந்து கிடைக்குமா என்று ஒரு பரிசோதனைச்சாலை தேடியது என்பது, தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு விசேஷமாகத் தோன்றக்கூடிய செய்திதான்.

அந்தத் தேடல் நடந்த முறை கவனிக்கத்தக்கது. 2000 ஆம் ஆண்டில் இக்குழுவினர் வெளியிட்ட கட்டுரையொன்றில், சூலகங்களை அகற்றியதால் மாதவிலக்கு நின்ற பெண்ணின் நிலையை ஒத்த நிலைக்கு வந்த எலிகளுக்குச் செம்பனையின் வைட்டமின் ஈயைக் கொடுத்துப் பார்த்தபோது, எலும்பின் தாதுச்செறிவைக் காப்பதில் அது ஆல்ஃபா டோகோஃபெரால் என்னும் வழக்கமான வைட்டமின் ஈக்கு நிகராக இருந்தது என்று தெரிவித்தார்கள். பின்னர் ஸ்டெராய்டு கொடுக்கப்பட்ட எலிகள், நிகோட்டின் ஏற்றப்பட்ட எலிகள் என்று பரிசோதனை விரிந்தது. கச்சிப் பாத்திமா, காடோக், தொங்காட் அலி முதலிய மலாய் நாட்டு மூலிகைகளும் யூகேஎம் ஆய்வுக்கூடத்தில் எலும்பை முன்னிட்டு ஆராயப்பட்டன. 2015 இல் ஈமா நிர்வானாவும் அவருடைய சகாவான சின் கோக் யோங்கும் டோகோட்ரையீனாலைப் பற்றிய முடிவுகளையெல்லாம் திரட்டி ஒரு தொகுப்புக் கட்டுரை எழுதியபோது, அதன் தலைப்பிலேயே இது எலிவர்க்கப் பிராணிகளிடமிருந்து கிடைத்த சான்று என்று தெளிவாகக் குறிப்பிட்டார்கள். தம் ஆராய்ச்சியின் எல்லையைத் தாமே வரையறுத்துச் சொல்வது நேர்மையான ஆராய்ச்சியாளருக்கு அடையாளம்.

மனிதர்களிடம் என்ன ஆயிற்று? அமெரிக்காவின் டெக்சாஸில் எலும்பு மெலிந்த 89 பெண்களிடம் பன்னிரண்டு வாரங்கள் நடந்த பரிசோதனையின் முடிவு 2018 இல் வெளியாயிற்று. அதில் கொடுக்கப்பட்டது செம்பனையினின்று எடுத்ததன்று. அன்னாட்டோ என்னும் செம்மஞ்சள் விதையினின்று எடுத்த டோகோட்ரையீனால். எலும்பு அரிக்கப்படுவதைக் காட்டும் இரசாயனக் குறிகள் குறைந்தன என்பது அதன் முடிவு. நல்ல அறிகுறிதான், ஆனால் பன்னிரண்டு வாரத்தில் யாருடைய எலும்பு முறிந்தது, யாருடையது தப்பியது என்று கணக்கிட முடியாது. பதினெட்டு ஆண்டு உழைப்புக்குப் பின் சாஸ்திரம் வந்து நிற்கும் இடம் இது. ஆகவே செம்பனை எண்ணெயில் பொரித்த பலகாரம் எலும்புக்கு நல்லது என்று யாரேனும் சொன்னாலும், டப்பாவில் அடைத்த குளிகையை இடுப்பெலும்புக்குக் காப்பு என்று விற்றாலும், ஏடுகள் அவ்வளவு தூரம் போகவில்லை என்று உறுதியாகப் பதில் சொல்லலாம். 2000 ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தவரும் ஒருவர் என்பதையும் வாசகர் மனத்தில் வைக்கலாம். அது குற்றமன்று, ஆனால் ஆய்வுப் பொருளில் யாருக்கு அக்கறை உண்டு என்று விசாரிப்பது எந்தக் கட்டுரையைப் படிக்கும்போதும் வேண்டிய பழக்கம்.

பரிசோதனைச்சாலையை விட்டு மக்களிடம் சென்று எண்ணியவர்களும் உண்டு. எலும்பு முறிவு மருத்துவர் லீ ஜூன் கியோங்கும் அவருடைய சகாவும், 1996, 1997 ஆகிய ஆண்டுகளில் இடுப்பெலும்பு முறிந்து மலேசிய மருத்துவமனைகளில் சேர்ந்த ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரைக் கணக்கெடுத்து 2007 இல் வெளியிட்டார்கள். ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 90 பேர் என்பது மொத்த விகிதம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் 10 ஆக இருக்கும் அது, எழுபத்தைந்தைக் கடந்தோரிடம் 510 ஆக உயர்ந்துவிடுகிறது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்தாரையும் பிரித்துப் பார்த்ததில், சீனப் பெண்களிடமே முறிவு மிகுதி. ஆசிய எலும்புப்புரைச் சங்கங்களின் கூட்டமைப்பு 2018 இல் வெளியிட்ட மதிப்பீடோ, மலேசியாவில் அவ்வாண்டு சுமார் 5,900 ஆக இருந்த இடுப்பெலும்பு முறிவுகள் 2050 இல் ஏறக்குறைய 20,900 ஆகப் பெருகும் என்கிறது. ஆராய்ந்த ஒன்பது நாடுகளிலும் பிரதேசங்களிலும் இந்த மூன்றரை மடங்குப் பெருக்கமே மிக அதிகம். நாடு வேகமாக முதுமை அடைவதே இதற்கு முதற் காரணம்.

இவ்விடத்தில் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். மலேசியப் பெண்களின் எலும்பைக் குறித்து அடிக்கடி எடுத்தாளப்படும் கட்டுரைகளுள் ஒன்று, வின்னி சீ குழுவினர் 2003 இல் வெளியிட்டது. மாதவிலக்கு நின்று ஐந்தாண்டு கடந்த 200 பெண்களில் ஒரு பகுதியினருக்குக் கால்சியம் மிகுந்த பால்மாவை இரண்டு ஆண்டுகள் கொடுத்து, எலும்பு இழப்பின் வேகம் குறைந்ததைக் காட்டியது. அந்த 200 பேரும் சீனப் பெண்கள். 2004 இல் வெளியான வேறொரு கட்டுரை, மலாய்ப் பெண்களின் இரத்தத்தில் வைட்டமின் டி லிட்டருக்குச் சராசரி 44.4 நானோமோல் என்றும், சீனப் பெண்களிடம் 68.8 என்றும் கண்டது. ஆண்டு முழுவதும் வெயில் காயும் நாட்டில் இது வியப்புக்குரிய முடிவு. இதிலும் இந்தியப் பெண்கள் இல்லை. இரண்டும் சிரத்தையோடு செய்யப்பட்ட ஆராய்ச்சிகள். ஆயினும் பால்மரம் சீவிய தமிழ்ப் பெண்ணின் உணவும் உடையும் உழைப்பும் பிள்ளைப்பேறும் வேறு என்பதால், அந்த முடிவுகளை அப்படியே அவளுக்குப் பொருத்த முடியாது.

நமக்குச் சற்று அருகில் வரும் சான்று கடல் கடந்து திருப்பதியிலிருந்து கிடைக்கிறது. அங்கே சி. வி. ஹரிநாராயண் குழுவினர் தென்னிந்தியர்களை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட கட்டுரை, அவர்களுடைய உணவில் கால்சியம் குறைவு, கால்சியத்தை உடல் உறிஞ்சாமல் தடுக்கும் ஃபைட்டேட் என்னும் தானியப் பொருள் மிகுதி, இரத்தத்தில் வைட்டமின் டியும் குறைவு என்று காட்டிற்று. வயலில் வேலை செய்த கிராமத்தாரிடம் நகரத்தாரைவிட வைட்டமின் டி மேலாக இருந்தது. காட்டிலிருந்து தாமானுக்குக் குடிபெயர்ந்து, காலையும் மாலையும் சுவருக்குள்ளேயே இருந்துவிடும் பேராக் மூதாட்டிகளைப் பற்றி இதைக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் அவர்களைத் தனியே ஆராய வேண்டிய அவசியத்தை அது நன்றாக உணர்த்துகிறது.

பிரசுரப் பட்டியலின் நீளத்தை மட்டும் நம்பினால் விளையக்கூடிய அனர்த்தத்துக்கும் இதே துறையில் உதாரணம் இருக்கிறது. ஜப்பானிய மருத்துவர் யோஷிஹிரோ சாட்டோ, பக்கவாதத்தாலும் பார்க்கின்சன் நோயாலும் வருந்திய முதியவர்களிடம் பல மருந்துகளைப் பரிசோதித்து இடுப்பெலும்பு முறிவை வெகுவாகக் குறைத்ததாகக் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதி, உலகின் தலைசிறந்த சஞ்சிகைகளிலும் அவற்றை வெளியிட்டார். 2005 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஒன்று, 628 நோயாளிகளிடம் ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் முறிவைத் தடுத்ததாகச் சொன்னது. ஸ்காத்லாந்தின் அபர்தீன் நகரத்து அலிசன் அவெனல் 2006 இலேயே இவருடைய எண்களில் ஐயங்கொண்டார். பிறகு நியூசிலாந்தின் மார்க் போலண்ட், ஆண்ட்ரூ கிரே முதலியோரும் சேர்ந்து, சாட்டோவின் 33 பரிசோதனைகளைக் கணித முறையில் அலசி, அவ்வளவு நேர்த்தியான எண்கள் இயற்கையாக அமைவது ஏறக்குறைய அசாத்தியம் என்று 2016 இல் நிரூபித்தார்கள். அவ்வாண்டே அந்த 2005 ஆம் ஆண்டுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. சாட்டோ 2017 இல் காலமானார். இன்றுவரை அவருடைய கட்டுரைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. ஆனால் அதற்குள் அந்தப் பொய்யெண்கள் பிறருடைய தொகுப்பாய்வுகளிலும் சிகிச்சை வழிகாட்டிகளிலும் புகுந்துவிட்டிருந்தன. பட்டியலின் நீளம் அவரைப் பல ஆண்டுகள் காப்பாற்றியது; எண்களைப் பொறுமையாகச் சரிபார்த்த சிலரே உண்மையை வெளிக்கொணர்ந்தார்கள்.

ஆகவே ஓர் ஆராய்ச்சியைக் கேள்விப்படும்போது சாதாரண வாசகரும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். ஆராயப்பட்டது எலியா, மனிதரா? மனிதரெனில், அவர் வயதிலும் வாழ்விலும் நம்மை ஒத்தவரா? அளக்கப்பட்டது இரத்தத்திலுள்ள ஒரு குறியா, எலும்பின் செறிவா, அல்லது முறிவேதானா? இக்கேள்விகளுக்குத் தெளிவான விடையுள்ள ஆராய்ச்சிகளும் இருக்கின்றன. 1996 இல் வெளியான ஒரு பெரிய பரிசோதனையில், முதுகெலும்பு முன்பே முறிந்திருந்த 2,027 பெண்களை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அலெண்ட்ரோனேட் என்ற மருந்தை உட்கொண்டவர்களிடம் முதுகெலும்பு முறிவும் இடுப்பெலும்பு முறிவும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. மருத்துவர்கள் இன்றும் அம்மருந்தை எழுதிக் கொடுப்பதற்கு இத்தகைய நிரூபணமே ஆதாரம்.

இத்தனை ஏடுகளிலிருந்தும் வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடிய சுலபமான உபாயம் ஒன்று உண்டு. மலேசியா உட்பட எட்டு ஆசிய நாடுகளைச் சேர்ந்த, மாதவிலக்கு நின்ற 860 பெண்களை ஆராய்ந்து 2001 இல் வெளியிடப்பட்ட கணக்கு அது. கிலோவில் உடல் எடையை எடுத்து, அதிலிருந்து வயதைக் கழித்து, வந்ததை 0.2 ஆல் பெருக்குங்கள். விடை −1க்கு மேலிருந்தால் அபாயம் குறைவு. −1க்கும் −4க்கும் இடையில் நடுத்தரம். −4க்குக் கீழே போனால் மிகுதி. 72 வயதும் 48 கிலோவும் உள்ள மூதாட்டிக்கு விடை −4.8. அவர் தாமதமின்றி டெக்ஸா பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர். இந்தக் கணக்கு எலும்புப்புரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 91 பேரைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. நோயில்லாத பலரையும் சேர்த்து எச்சரித்தது. ஆகையால் இதைப் பரிசோதனைக்குப் போகலாமா என்று காட்டும் வழியாகக் கொள்ள வேண்டுமேயன்றி, நோயின் தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

உணவைப் பொறுத்தவரையில் ஐம்பது கடந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் வரை கால்சியம் வேண்டும். சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கில் மண்ணுக்குக் கால்சியப் பஞ்சமில்லை. தட்டில்தான் அது குறைகிறது. முள்ளோடு தின்னும் நெத்திலியும், கேழ்வரகும், ஒரு தம்ளருக்குச் சுமார் 250 மில்லிகிராம் கால்சியம் தரும் பாலும், ஜிப்சம் இட்டு உறையவைத்த தவுவும் நம் சந்தையில் எட்டாத பொருள்கள் அல்ல. இவற்றோடு காலைவெயிலில் சிறிது நடையும், வழுக்காத குளியலறைத் தரையும், சுவரில் பதித்த பிடிகம்பியும் சேர்ந்தால், பெருஞ்செலவில்லாமல் பெரும் பாதுகாப்பு கிடைக்கும்.

ஆராய்ச்சியாளர், குடும்பத்தார் ஆகிய இரு தரப்பாருக்கும் ஒரு வேண்டுகோள். ஈப்போவிலேயே பேராக் ராயல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் பழைய தோட்டத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. எலும்பை ஆராய்கிறவர்கள் அடுத்த கட்டுரைக்கு ஆள் திரட்டும்போது அந்தப் பெண்களையும் தேடிச் சென்று, அவர்கள் பேசும் தமிழில் விஷயத்தை விளக்கி, அவர்களுடைய எண்களையும் ஏட்டில் சேர்க்க வேண்டும். அப்படி ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்து கேட்டால், நமக்கெதற்கு இந்த வம்பு என்று கதவைச் சாத்தாமல், அம்மாவையும் பாட்டியையும் நாம் அனுப்பிவைக்க வேண்டும். அதுவரையில், அடுத்த முறை அவர்களைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகும்போது எடையையும் வயதையும் கொண்டு அந்தச் சின்னக் கணக்கைப் போட்டு, விடையை டாக்டரிடம் காட்டிப் பரிசோதனை வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.